பெடல் முதல் நாளே சொன்னது

எங்கள் பழைய பிக்கப்பில் கிளட்ச் தரையோடு தரையாகப் பிடிக்க ஆரம்பித்து நான்கு மாதம் அலைக்கழித்தது. சரிசெய்து வெகு நாளாகிவிட்டது. ஆனால் முதல் நாளே, அரை நிமிடத்தில், வண்டி எனக்கு ஒரு பதில் சொன்னது. அதை ஏன் காதில் வாங்காமல் போனேன் என்பது மட்டும் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எழுதிப் பார்த்தால்தான் அடங்கும் போலிருக்கிறது.

பெடலைத் தரைவரை மிதித்துவிட்டு, காலை லேசாகத் தூக்கத் தொடங்கியதுமே, இரண்டு விரல் உயரம் வருவதற்குள் வண்டி நகரப் பார்க்கும். முதல் கியர் தயங்கித் தயங்கி விழும். ரிவர்ஸ் போட்டால் 'கர்ர்' என்று பல்லோடு பல் உரசும். எஞ்சினை அணைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தால் அதே கியர்கள் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு விழும். இந்த ஒரு வித்தியாசம் போதும், கியர்பாக்ஸையும் கியர் லிவரையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். எஞ்சின் ஓடும்போது மட்டும் கியர் விழ மறுத்தால், கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை என்று பொருள். பெடலைத் தரைவரை மிதித்தாலும் கிளட்ச் பிளேட், எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃபிளைவீலோடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது.

இதைக் கேட்டவர்களில் பாதிப்பேர் "பிளேட் போயிருக்கும்" என்றார்கள். அது தவறு. தேய்ந்த பிளேட் ஸ்லிப் ஆகும், அதாவது பிடிக்கவேண்டிய நேரத்தில் பிடிக்காது. என் வண்டியோ விடவேண்டிய நேரத்தில் விடவில்லை. இரண்டும் எதிரெதிர் நோய்கள். கேபிள் கிளட்சில் பிளேட் தேயத் தேயப் பிடிக்கும் இடம் மேலே ஏறும். என் வண்டியில் இருப்பது ஆயில் கிளட்ச்: பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ள, அது கியர்பாக்ஸ் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும். அதில் தேய்மானத்துக்கு ஏற்ப ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்படும், மிச்ச ஆயில் மேலே டப்பாவுக்குத் திரும்பிவிடும், பெடலில் பெரிதாக எதுவும் தெரியாது. கிளட்ச் கீழே பிடிக்கிறதென்றால் பிளேட்டைக் கடைசியாகச் சந்தேகித்தால் போதும்.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரைப் போனில் கூப்பிட்டேன். "நாலு தரம் வேகமா பம்ப் பண்ணிட்டுப் பாருங்க தம்பி, மேலே பிடிக்குதான்னு" என்றார். பம்ப் செய்தேன். அதே இடம். "சமதரையில ஃபர்ஸ்ட் கியர் போட்டு, ஃபுல்லா மிதிச்சு, ஒரு நிமிஷம் அப்படியே வெச்சிருங்க. வண்டி மெல்ல இழுக்குதான்னு சொல்லுங்க." ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நிறுத்தி, இன்னொரு காலை பிரேக்குக்கு மேலேயே தயாராக வைத்துக்கொண்டு செய்து பார்த்தேன். ஒரு நிமிடம் கழித்தும் பிடிக்கும் இடம் இம்மியும் மாறவில்லை. காலைக் குளிரில் எப்படியோ, ஓடிச் சூடான பிறகும் அப்படியே.

"ஒரு மாற்றமும் இல்லண்ணே" என்றேன். "சரி, எதுக்கும் ஏர் எடுத்துப் பார்த்துருங்க" என்றார், அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றச் சொன்னார்.

பதில் அங்கேயே இருந்தது. இரண்டு பேரும் அதைத் தாண்டிப் போனோம்.

மிதிப்பது 150, கிடைப்பது 2

அந்தப் பதில் என்ன என்று சொல்வதற்கு முன், கால் மிதிக்கும் தூரம் போகப் போக என்னவாகிறது என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இந்தக் கணக்கை முதலிலேயே போட்டிருந்தால் நான்கு மாதம் மிச்சமாகியிருக்கும்.

என் வண்டியில் பெடல் தரைவரை போகும் தூரம் சுமார் 150 மில்லிமீட்டர். பெடல் ஒரு நெம்புகோல். மேலே உள்ள சுழலச்சிலிருந்து கால் படும் இடம்வரை உள்ள நீளம், சுழலச்சிலிருந்து, மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் புஷ் ராட் மாட்டியிருக்கும் இடம்வரை உள்ள நீளத்தைப்போல ஆறு மடங்கு. ஆகவே கால் 150 போனால் புஷ் ராட் 25 மில்லிமீட்டர்தான் போகும். அதில் ஃப்ரீ பிளேக்கும் (பெடல் எதையும் தள்ளாமல் சும்மா போகும் தளர்வு), மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் சிறிய துளையை ரப்பர் வாஷர் கடப்பதற்கும் ஒரு 2 போய்விடும். மிச்சம் 23. மாஸ்டரின் துவாரம் 15.87 மில்லிமீட்டர் விட்டம், ஸ்லேவின் துவாரம் 20.64. பரப்பளவில் ஸ்லேவ் 1.69 மடங்கு பெரியது, அதனால் அதன் பிஸ்டன் 13.6 மில்லிமீட்டர் மட்டுமே நகரும். ஸ்லேவ் தள்ளும் நெம்புகோலான ஃபோர்க்கைத் தாண்டி, கிளட்சைப் பிரிக்க அழுத்தும் ரிலீஸ் பேரிங்குக்குப் போகும்போது அது ஏறக்குறைய பாதியாகும். பேரிங் அழுத்தும் டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்களும் நெம்புகோல்கள்தான். அவற்றைத் தாண்டினால், கிளட்ச் பிளேட்டை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் விலகுவது 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த 2 மில்லிமீட்டரும் முழு இடைவெளி இல்லை. பிளேட்டின் இரண்டு முகங்களுக்கும் நடுவே அலை அலையான மெல்லிய ஸ்பிரிங் தகடு ஒன்று உண்டு. அமுக்கம் விட்டதும் அது விரிந்து ஒரு பங்கைத் தின்றுவிடும்.

ஆக, முழங்கால் மடங்கி நீள நாம் மிதிக்கும் 150 மில்லிமீட்டர் தூரத்தில் பிளேட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் கிடைப்பது அரை மில்லிமீட்டர் சுமார். தூரத்தை எல்லாம் விற்று வலுவை வாங்கியிருக்கிறோம். இதைத் தலைகீழாகப் படித்தால்தான் விஷயம் புரியும். புஷ் ராட்டின் முனையில் 1 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் பெடலில் 6 மில்லிமீட்டர் வீண். அந்த முனையில் தொலைந்ததை, பின்னால் எத்தனை புதுப் பாகம் போட்டாலும் மீட்க முடியாது. தரையில் 10 மில்லிமீட்டர் தடிமனான ரப்பர் மேட்டை விரித்து பெடலின் கடைசி 10 மில்லிமீட்டரை அடைத்துவிட்டு, கிளட்ச் சரியில்லை என்று வருகிற வண்டிகளும் உண்டு. மேட்டைத் தூக்கிப் பார்ப்பது காசில்லாத சோதனை.

ஆயில் பக்கம் போன மாதங்கள்

முதலில் ஏர் எடுத்தோம். டப்பாவில் இருந்த டாட் 3 ஆயில் கறுத்துக் கிடந்தது. பழைய ரப்பர் வாஷர்கள் கரைந்த நிறம் அது. என் மகள் பெடலை அமுக்கி வைத்துக்கொள்ள, நான் கீழே படுத்து, ஸ்லேவில் காற்றை வெளியேற்றுவதற்கான நிப்பிளைத் திறந்து மூடினேன். தெளிந்த குழாயில் ஆயில் இறங்கியது. ஒரு குமிழிகூட வரவில்லை. இரும்புக் குழாய் ஓரிடத்தில் மேலேறி வளைகிறது, காற்று அங்கே சிக்கியிருக்கும் என்று ஒருவர் சொன்னார். வண்டியின் மூக்கைத் தூக்கி நிறுத்தினேன். ஸ்லேவின் பிஸ்டனைக் கையாலேயே முழுதாக உள்ளே தள்ளி, ஆயிலைப் பின்னோக்கி மேலே அனுப்பிப் பார்த்தேன். அப்போதும் டப்பாவில் குமிழி இல்லை. ஆயில் புதிதானது, பெடல் பழையபடியே பிடித்தது.

அடுத்து ஸ்லேவ். அதன் தூசி ரப்பரை விலக்கிப் பார்த்தபோது உள்ளே வறண்டிருந்தது. கசியும் ஸ்லேவ் அங்கே ஈரம் காட்டும். இருந்தாலும் மாற்றினேன். மாற்றுவதற்கு முன், பெடலைத் தரைவரை மிதிக்கச் சொல்லி ஸ்லேவின் ராட் எவ்வளவு நகர்கிறது என்று வெர்னியரில் அளந்து குறித்திருந்தேன், 11.5 மில்லிமீட்டர். புது ஸ்லேவ் போட்டு அளந்தால் மறுபடியும் 11.5. ரப்பர் ஹோஸ் உப்புகிறதா என்று, மகள் மிதிக்க மிதிக்கக் கையால் பிடித்துப் பார்த்தேன். விறைத்ததே தவிர உப்பவில்லை. பிறகு மாஸ்டரும் மாறியது. புஷ் ராட் உள்ளே நுழையும் இடத்தில் ஈரமில்லை, பெயின்ட் உரியவில்லை. அந்த ஆயில் பெயின்ட்டை விட்டுவைக்காது, கசிந்திருந்தால் தெரிந்திருக்கும். இருந்தும் மாற்றினேன். வெளியே வைத்தே காற்றை வெளியேற்றி, முறையாக மாட்டி, மறுபடி அளந்தேன்.

11.5.

மாஸ்டரை மாற்றும்போது கிளெவிஸ் பின்னைக் கழற்றியது நான்தான். பெடலையும் புஷ் ராட்டையும் கோக்கிற, சுண்டுவிரல் தடிமனுள்ள சிறிய பின். துணியால் துடைத்தேன். நடுவில் ஒரு வளையம்போலக் குழி விழுந்திருந்தது. கிரீஸ் தடவி, திரும்ப அதே இடத்தில் மாட்டினேன். மனம் முழுக்க ஆயிலிலேயே இருந்தது. கையிலிருந்ததைக் கண் பார்த்தது, கருத்தில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு செய்ததுதான் உண்மையிலேயே ஆபத்தான காரியம். புஷ் ராட்டின் லாக் நட்டைத் தளர்த்தி ராட்டை நீளமாக்கினேன். பிடிக்கும் இடம் உடனே மேலே வந்தது, கியர் அழகாக விழுந்தது. இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் நீண்ட ஏற்றம் ஒன்றில், சுமையோடு, எஞ்சின் மட்டும் இரைந்துகொண்டு மேலே போனது, வண்டி போகவில்லை. கிளட்ச் ஸ்லிப். கருகிய வாடை உள்ளே வந்தது. ஓரம் கட்டி, ஆறவிட்டு எடுத்தால் சரியாக ஓடியது. சூடானதும் மறுபடி அதே கதை.

மாஸ்டருக்குள் இருக்கும் அந்தச் சிறிய துளைக்கு ஒரு வேலை உண்டு. பெடல் முழுதாக மேலே இருக்கும்போது அது திறந்திருக்கவேண்டும். சூட்டில் ஆயில் விரியும்போது மிச்சம் அதன் வழியாக டப்பாவுக்குத் திரும்பும். ராட்டை அளவுக்கு மீறி நீட்டினால் வாஷர் அந்தத் துளையை மூடியபடியே நிற்கும். விரிந்த ஆயில் போக வழியில்லாமல் ஸ்லேவைத் தள்ளும். கால் படாமலே கிளட்ச் அரைக்கிளட்சில் நிற்கும். அன்று வண்டி சூடாக இருக்கும்போதே சந்தேகத்தோடு நிப்பிளைத் தளர்த்தியபோது, யாரும் பெடலைத் தொடாமலேயே ஆயில் பீய்ச்சியது. வண்டிக் கையேட்டில் பெடலின் ஃப்ரீ பிளே 5 முதல் 15 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பது இதற்காகத்தான். அந்தத் தளர்வு வேண்டுமென்றே விட்டது. அதைத் தின்று கிளட்சைச் சரிசெய்யக் கூடாது. ராட்டைப் பழைய அளவுக்கே திருப்பினேன். பிளேட் தப்பியது என் அதிர்ஷ்டம்.

மாஸ்டரைக் கொஞ்சம் பெரிய துவாரம் உள்ளதாகப் போட்டால் தூரம் கூடும் என்றும் ஒரு யோசனை வந்தது. கூடும்தான். பெடலும் அந்த அளவுக்குக் கனக்கும். ஆனால் அதற்குள் எனக்கு ஒரு கேள்வி பிறந்துவிட்டது. இந்த வண்டி இத்தனை வருடம் அதே அளவு மாஸ்டரோடு ஒழுங்காகத்தானே ஓடியது? அப்போது கிடைத்த தூரம் இப்போது எங்கே தொலைகிறது?

டேஷ்போர்டுக்கு அடியில்

அன்று மாலை டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, தரையில் மல்லாந்து படுத்துத் தலையைப் பெடல்களுக்கு மேலே நுழைத்தேன். வாயில் டார்ச். எஞ்சின் அணைந்திருந்தது, கியர் நியூட்ரலில், சக்கரத்துக்குக் கட்டை வைத்திருந்தது. மகள் வெளியே நின்று கையால் பெடலை அமுக்கினாள்.

"அமுக்கட்டுமாப்பா?"

"மெதுவா. ஒரு இன்ச் மட்டும் போதும்மா."

பெடலின் கை இறங்கியது. புஷ் ராட் நின்ற இடத்திலேயே நின்றது.

"இன்னொரு தரம். இன்னும் மெதுவா."

ஆள்காட்டி விரலின் நுனியைப் பெடல் கையிலும் ராட்டின் தலையிலும் ஒரே சமயத்தில் படும்படி வைத்தேன். பெடல் கை நகர்வது விரலின் ஒரு பாதிக்குத் தெரிந்தது. மறுபாதி அசையவே இல்லை. பின், தன் ஓட்டைக்குள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை சும்மா பயணம் செய்தது. அந்த ஓரத்தில் போய் முட்டிய பிறகுதான் 'டிக்' என்று மெல்லிய சத்தத்தோடு ராட் புறப்பட்டது. அவள் இன்னும் அழுத்தினாள். சுமை ஏறியதும் மேலே பெடலின் சுழலச்சுக் குழாய் பின்னால் சீட் பக்கமாகச் சரிந்தது. கால் முன்னே தள்ள, ராட் அதைவிடப் பல மடங்கு வலுவோடு பின்னே தள்ளுகிறது அல்லவா, சுழலச்சைச் சுற்றியிருக்கும் வளையமான தேய்ந்த புஷ்ஷில் பெடல் அந்தப் பக்கம் சாய்ந்து இடம் கொடுத்துவிடுகிறது. அங்கேயும் ஒரு பங்கு தொலைந்தது.

"அப்படியே நிறுத்தி வை" என்று சொல்லிவிட்டு டார்ச்சை ஒருக்களித்துப் பிடித்தேன். வட்டமாக இருக்கவேண்டிய ஓட்டை முட்டை வடிவத்தில் இருந்தது. பின்னின் ஒரு பக்கத்தில் பிறை நிலா போல வெளிச்சம் தெரிந்தது.

கழற்றி அளந்தேன். பின், தேயாத பகுதியில் 10 மில்லிமீட்டர், குழி விழுந்த இடத்தில் 8.9. பெடல் கையின் ஓட்டை நீளவாக்கில் 11.4. அங்கேயே 2.5 மில்லிமீட்டர் ஆட்டம். மேலே புஷ்ஷில் 1 மில்லிமீட்டர். சுழலச்சு நகரும்போது ராட் இருக்கும் இடத்தில் அதில் ஆறில் ஐந்து பங்கு இழப்பாகும், 0.8. மொத்தம் 3.3. ஆறால் பெருக்கினால் பெடலில் 20 மில்லிமீட்டர். 1.69-ஆல் வகுத்தால் ஸ்லேவில் 2. குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். கணக்குப்படி வரவேண்டியது 13.6, வந்துகொண்டிருந்தது 11.5. தொலைந்த தூரம் அகப்பட்டுவிட்டது.

ஓட்டையைச் சீராகப் பெரிதாக்கி, லேத்தில் கடைந்த பித்தளை புஷ் ஒன்றை இறுக்கி அடித்து, புதுப் பின் போட்டோம். சுழலச்சின் புஷ்களும் புதிதாயின. இதுவரை வாங்கிய எல்லாவற்றிலும் மிகச் சிறிய பாகங்கள் இவைதான். மாட்டி முடித்து ஃப்ரீ பிளேயைக் கையேட்டின்படி வைத்து, மகள் மிதிக்க நான் கீழே வெர்னியரோடு படுத்தேன். 13.5.

மாறுவதும் மாறாததும்

இப்போது முதல் நாளுக்கு வருகிறேன். பம்ப் செய்தும் மாறவில்லை, ஒரு நிமிடம் காத்தும் மாறவில்லை, சூடானாலும் மாறவில்லை என்று வண்டி மூன்று முறை சொன்னது. நான் அதை 'ஒன்றும் தெரியவில்லை' என்று எடுத்துக்கொண்டேன். மாறவில்லை என்பதே ஒரு பதில் என்று தோன்றவில்லை. காற்று இருந்தால் பம்ப் செய்யச் செய்ய பெடல் ஏறும். மாஸ்டரின் வாஷர் உள்ளுக்குள்ளேயே விட்டுக்கொடுத்தால், அமுக்கி வைத்திருக்கும்போது மெல்ல மெல்ல அழுத்தம் இறங்கி வண்டி இழுக்கும். மெதுவாக மிதித்தால் ஒரு மாதிரியும் வேகமாக மிதித்தால் ஒரு மாதிரியும் பிடிக்கும். ஹோஸ் தளர்ந்திருந்தால் சூட்டில் மோசமாகும். ஆயில் பக்கத்துக் கோளாறு நேரத்துக்கும் வேகத்துக்கும் வெப்பத்துக்கும் தகுந்தபடி நிறம் மாறும். இரும்பின் தேய்மானம் அப்படியில்லை. காலையிலும் மாலையிலும், முதல் மிதிக்கும் பத்தாவது மிதிக்கும், அதே அளவைத்தான் திருடும்.

ஆயிலைச் சந்தேகிப்பதே பிழை என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான வண்டிகளில் கோளாறு அங்கேதான் இருக்கும், அந்த அண்ணன் சொன்னதும் அனுபவத்தில்தான். எனக்கு மனத்தாங்கல் வேறு. 'கீழே பிடித்தால் ஏர்தான்' என்ற ஒற்றை வரி, கண்முன் இருக்கும் சாட்சியைவிடப் பெரியதாகிவிட்டது. சோதனையைச் செய்யச் சொன்ன அதே வாய், சோதனையின் முடிவை ஒதுக்கிவிட்டது. நானும் தலையாட்டினேன்.

இப்போது யாராவது இதே குறையைச் சொன்னால், எதையும் கழற்றுவதற்கு முன் ஸ்லேவின் ராட் எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று அளக்கச் சொல்கிறேன். அந்த ஓர் எண் வண்டியை இரண்டாகப் பிரித்துவிடும். தூரம் குறைந்தால் நோய் பெடலுக்கும் ஸ்லேவுக்கும் நடுவே. காலில் தொடங்கி வரிசையாகப் பார்த்துக்கொண்டு வரலாம்: மேட், புஷ், பின், பெடலைத் தாங்கும் பிராக்கெட்டின் வெல்டிங், மாஸ்டர் மாட்டியிருக்கும் தகடு மிதிக்கும்போது வளைகிறதா என்பது, அதற்கப்புறம்தான் ஆயில். தூரம் சரியாக இருந்தும் ரிவர்ஸ் கடித்தால் நோய் கியர்பாக்ஸ் மணிக்குள், அதாவது கிளட்சை மூடியிருக்கும் கூட்டுக்குள், இருக்கிறது. ஃபோர்க் வளைந்திருக்கலாம், வெகுநாள் நின்ற வண்டியில் பிளேட் துருவேறி ஒட்டியிருக்கலாம், கியர்பாக்ஸ் தண்டின் முனையை எஞ்சின் பக்கத்தில் தாங்கும் பைலட் பேரிங் இறுகியிருக்கலாம். பைலட் பேரிங் ஒரு வஞ்சகமான பாகம். கிளட்ச் முழுதாகப் பிரிந்தாலும் அது இறுகியிருந்தால் கியர்பாக்ஸின் தண்டைத் தன்னோடு சேர்த்துச் சுழற்றிக்கொண்டே இருக்கும். கியர் போட்டு, கிளட்ச் மிதித்து நிற்கும்போது மட்டும் ஒரு முனகல் கேட்டால் அதைச் சந்தேகிக்கலாம். நியூட்ரலில் மிதித்ததும் வருகிற சத்தம் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங்குடையது. ஸ்லேவையே மணிக்குள் வளையம்போல வைத்திருக்கும் வண்டிகளில் இந்த அளவை எடுக்க முடியாது. அங்கே பெடல் முனையைப் பார்ப்பது இன்னும் அவசியம், ஏனென்றால் தவறாக ஊகித்தால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டிவரும்.

எங்கள் பிக்கப் இப்போது பெடலின் நடுவழியில் பிடிக்கிறது. மிதித்து, மூன்று எண்ணி, ரிவர்ஸ் போட்டால் சத்தமில்லை. மாஸ்டர் டப்பாவில் அன்றைக்கு ஆயில் நின்ற மட்டத்தில் ஒரு கோடு போட்டு வைத்தேன். பிரேக்கில் பேட் தேயத் தேய ஆயில் இறங்கும், கிளட்சில் பிளேட் தேயத் தேய ஆயில் ஏறும். போன வாரம் பார்த்தபோது கோட்டுக்கு மேலே 3 மில்லிமீட்டர் ஏறியிருந்தது.  கியர்பாக்ஸ் இறங்கும் நாளில் பைலட் பேரிங்கையும் சேர்த்தே மாற்றிவிடுவதாக இருக்கிறேன். பழைய பின் டேஷ்போர்டுத் தட்டில் கிடக்கிறது. மகள் சிலசமயம் அதை எடுத்து உருட்டிக்கொண்டிருப்பாள், நடுக்குழியில் அவள் நகம் போய் நிற்கும்.